30 அடிப் பயணிகள் படகு: கையால் அடிப்பதா, வெற்றிடத்தால் இழுப்பதா?

காரைப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைநகர்ப் பக்கமாகச் சிறிய படகுப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். இதுவரை நாங்கள் செய்தவை 18 அடி முதல் 23 அடி வரையிலான மீன்பிடிப் படகுகளே. எல்லாவற்றையும் அச்சில் ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சைப் பூசி, கண்ணாடியிழைப் பாயை விரித்து, தூரிகையாலும் றோலராலும் றெசின் என்ற பிசினை ஏற்றிக் கையாலேயே அடித்து வந்திருக்கிறோம். இப்போது தீவுகளுக்கிடையே ஆட்களையும் பொருட்களையும் ஏற்றிச் செல்வதற்காகக் கூரையுடன் கூடிய 30 அடிப் படகு ஒன்றைச் செய்து தருமாறு கேட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து பேர் வரை ஏறக்கூடிய படகு அது.

படகைக் கேட்டவர்கள் வெளிநாட்டில் வெற்றிட முறையில் செய்த படகுகளைப் பார்த்தவர்கள். அந்த முறையில் செய்தால் எடை குறையும், பலம் கூடும் என்று வலியுறுத்துகிறார்கள். எனக்கோ பல தயக்கங்கள் உள்ளன. அந்த முறைக்குரிய தாள், குழாய், ஒட்டுநாடா எல்லாம் ஒருமுறை பாவித்து எறிய வேண்டியவை. அவை கொழும்பு வழியாகவே வந்துசேர வேண்டும். மின்சாரம் இடையில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதும் தெளிவில்லை. படகு ஓடப்போகும் இடம் ஆழம் குறைந்த கடல். இறங்குதுறைகளில் அடிப்பகுதி கல்லில் தட்டும். கழுவவும் பழுதுபார்க்கவும் கரைக்கு இழுக்கப்படும். இந்த நிலையில் எந்த முறையைத் தெரிவு செய்வது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் சொன்னால் உதவியாக இருக்கும்.

இழையும்பிசினும் எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் நோர்வேயில் படகுத் தளம் ஒன்றில் வேலை செய்கிறேன். நோர்வே உதவியுடன் காரைநகரில் சீநோர் படகுத் தளம் தொடங்கப்பட்ட வரலாற்றை இங்கே உடன் வேலை செய்பவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததைக் கண்டதும் மகிழ்ச்சியாக இருந்தது. என் கருத்தை நேராகவே சொல்கிறேன். இந்தப் படகுக்குப் புதிய அச்சு செய்யத்தான் போகிறீர்கள் என்றால் முழு உடலையும் வெற்றிட உட்செலுத்தல் முறையிலேயே செய்யுங்கள்.

கையால் அடிக்கும்போது ஒவ்வொரு படையும் றெசினில் நனைந்த நிலையில் போடப்படுகிறது. எவ்வளவு றெசின் ஏறியது என்பதை வேலை செய்பவரின் கைதான் தீர்மானிக்கிறது. வெற்றிட முறையிலோ உலர்ந்த துணிகள் அனைத்தையும் முதலில் அச்சில் அடுக்கிவிடுகிறோம். அவற்றின்மேல் பிறகு உரித்தெடுக்கும் துணியையும் றெசின் ஓடுவதற்கான வலையையும் விரித்து, பிளாஸ்ரிக் தாளால் மூடி, ஓரங்களைக் காற்றுப் புகாதவாறு அடைத்து, பம்பினால் உள்ளிருக்கும் காற்றை இழுத்தால், வெளிக்காற்று சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 10 தொன் என்ற அளவில் அந்த அடுக்கை நெரிக்கிறது. அதன் பின்னரே றெசின் குழாயைத் திறக்கிறோம். துணிகளுக்கிடையே எஞ்சியிருக்கும் இடத்தை நிரப்புவதற்குத் தேவையான றெசின் மட்டுமே உள்ளே செல்லும். கையால் அடித்த பாய்ப் படையில் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் கண்ணாடி இருந்தால், தைத்த துணியை இம்முறையில் நிரப்பும்போது அது 60 சதவீதத்தையும் தாண்டும். றெசின் பாரம் கூட்டுவது. பாரம் தாங்குவது கண்ணாடி.

இது புதிதாகச் சோதித்துப் பார்க்கும் முறை அல்ல. இதன் பரவலான வடிவம் ஒன்றுக்கு 1990இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. சுவீடன் கடற்படையின் விஸ்பி வகைக் கப்பல்கள் 70 மீற்றருக்கு மேல் நீளமானவை. அவற்றின் உடல் காபன் இழையும் நுரைப்பலகையும் கொண்டு வெற்றிட முறையில் கட்டப்பட்டது.

இன்னுமொரு காரணத்தை நான் எடையைவிட முக்கியமாகக் கருதுகிறேன். பொலியெஸ்ரர் றெசினிலிருந்து எழும் ஸ்ரைரீன் ஆவியை 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பெரும்பாலும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. மூடிய தாளுக்குள் றெசின் ஓடும்போது அந்த ஆவியின் பெரும்பகுதி பட்டறைக் காற்றில் கலப்பதில்லை. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இளைஞர்கள் முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு திறந்த அச்சுக்குள் இறங்கி நின்று றோலர் பிடிப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

முனைக்கடல் எழுதியது:

தம்பி, நீர் சொன்னதில் பிழை காணவில்லை. ஆவியைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. ஆனால் படகு பட்டறையில் இருக்கும் காலம் கொஞ்சம், கரையிலும் கடலிலும் இருக்கும் காலமே அதிகம். அதை மனத்தில் வைத்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பருத்தித்துறையிலிருந்து மயிலிட்டி வரை எங்கள் கரை முருகைக்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் கொண்டது. தீவுப் பக்கம் சில இடங்களில் சேறு, சில இடங்களில் கல். தென்மேற்குக் காற்றான சோளகம் பெயர்ந்து வீசும் காலத்தில் துறையில் கட்டியிருக்கும் படகு எழும்பி எழும்பி அடியைக் கல்லில் மோதும். வெற்றிட முறையில் வழக்கமாகச் செய்வதுபோல் அந்த அடிப்பகுதி இரண்டு மெல்லிய தோலும் நடுவில் நுரையுமாக இருந்தால், வெளித்தோல் கிழிந்த அன்றைக்கே நுரைக்குள் உப்புநீர் இறங்கத் தொடங்கிவிடும். வெளியே ஒரு சிறிய கீறலாகத்தான் தெரியும். உள்ளே தோல் நுரையிலிருந்து கழன்றுகொண்டு போகும். படகோட்டும் தண்டயலுக்கு அது தெரியவும் வராது.

பழுதுபார்ப்பதையும் யோசியுங்கள். நெடுந்தீவில் ஒரு படகு உடைந்தால் அதை அங்கேயே, கையில் கிடைக்கும் பாயையும் றெசினையும் கொண்டு, அடுத்த நாள் ஓடக்கூடியவாறு திருத்த வேண்டியிருக்கும். தடித்த ஒற்றைப் படைப் படகை எங்கள் பிள்ளைகள் எவரும் அரம் போட்டுச் சாய்வாகத் தேய்த்து ஒட்டிவிடுவார்கள்.

கையால் செய்த படகுகளில் தரம் குறைந்தவை இருப்பதை மறுக்கவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அவசரத்தில் செய்து கொடுக்கப்பட்ட படகுகளில் அப்படிப் பல வந்தன. அடிப்பகுதி அமுக்கினால் உள்ளே போகும். வங்குகள் என்ற உட்சட்டங்கள் உடலோடு ஒட்டாமல் நிற்கும். சில இடத்தில் பாய் நனையாமல் வெள்ளையாகவே தெரியும். பாயைக் குறைத்ததும், றெசினை அளக்காமல் ஊற்றியதும், முதற்படை இறுகிப் பல நாள் கழிந்த பின்னர் தேய்க்காமலே அடுத்த படையைப் போட்டதும்தான் அங்கே நடந்தவை. அதே கைகளிடம் பம்பைக் கொடுத்தாலும் அதே பிழைகள் வேறு வடிவத்தில் வரும் என்பதே என் பயம்.

அலைக்கோடு எழுதியது:

இரு தரப்பும் சொன்னவற்றை வாசித்தேன். நான் நெடுங்காலம் தொழில்நுட்பப் பாடங்கள் கற்பித்தவன். சில படகுகளின் கட்டமைப்புக் கணக்குகளைச் செய்து கொடுத்துமிருக்கிறேன். என் கருத்தில் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும். படகு முழுவதற்கும் ஒரே முறை என்று எவரும் விதித்துவிடவில்லை. அடிப்பகுதி சந்திக்கும் பாரம் வேறு, பக்கச் சுவர் சந்திக்கும் பாரம் வேறு, கூரை சந்திக்கும் பாரம் வேறு. ஆகவே ஒவ்வொரு பகுதிக்கும் உரிய முறையைத் தனித்தனியே தெரிவதுதான் பொருத்தம்.

முதலில், வெற்றிட முறையால் பலம் கூடும் என்ற பொதுவான நம்பிக்கையைக் கணக்கால் பார்ப்போம். அடிப்பகுதிக்குச் சதுர மீற்றருக்கு 450 கிராம் பாயில் 6 படை போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி 2.7 கிலோ. கண்ணாடி 30 சதவீதம் என்றால் றெசின் 6.3 கிலோ, மொத்தம் 9 கிலோ, தடிப்பு ஏறக்குறைய 6.3 மில்லிமீற்றர். இப்போது அதே 2.7 கிலோ கண்ணாடியைத் தைத்த துணியாக அடுக்கி 60 சதவீதம் வரும்படி வெற்றிடத்தில் நிரப்பினால் மொத்த எடை 4.5 கிலோவாகப் பாதியாகிறது. ஆனால் தடிப்பு 2.6 மில்லிமீற்றருக்கு இறங்கிவிடுகிறது. ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியோடு கூடிக் குறைவது. பொருளின் இயல்பான விறைப்பு இரண்டு மடங்காக உயர்ந்தாலும், தடிப்பு ஐந்தில் இரண்டாகச் சுருங்கியதால் அந்தத் தகட்டின் வளைவு விறைப்பு பழையதில் ஏறக்குறைய ஏழில் ஒன்றுதான். இழுவைப் பலம் இருக்கும். ஆனால் அலை அடிக்கும்போது அடிப்பகுதி உள்ளே போய் வெளியே வரும். அதைத் தடுக்க வங்குகளை நெருக்கமாக வைக்க வேண்டும், அல்லது நடுவில் நுரை வைக்க வேண்டும். நுரை வைத்தால் மேலே ஐயா சொன்ன கல்லடிப் பிரச்சினைக்கு மறுபடியும் வந்து நிற்கிறோம். கையால் அடித்த படகின் வரைபடத்தை வைத்துக்கொண்டு முறையை மட்டும் மாற்றுவது ஆபத்தாக முடிவது இதனாலேதான்.

அடிப்பகுதியின் எடையைக் குறைத்தால் ஆழம் குறைந்த நீரில் ஓட வசதியாக இருக்குமே என்று கேட்கலாம். அதையும் பார்ப்போம். நீர்மட்டத்தில் நீளம் 8.5 மீற்றர், அகலம் 2.3 மீற்றர், வடிவத்தின் காரணமாக அந்தச் செவ்வகத்தில் முக்கால் பங்கு என்று கொண்டால் பரப்பு 15 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய படகைக் கடல்நீரில் 1 சென்ரிமீற்றர் அமிழ்த்த ஏறக்குறைய 150 கிலோ வேண்டும். உடலில் 300 கிலோ குறைத்தாலும் படகு 2 சென்ரிமீற்றர்தான் உயரும். இருபத்தைந்து பயணிகள் ஏறும்போது அது 12 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கப்போகிறது. எரிபொருளில் ஓரளவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் துறைக்குள் வருவதற்கு அந்த 2 சென்ரிமீற்றர் பெரிதாக உதவாது.

இனிக் கூரைக்கு வருவோம். இந்தப் படகில் எடை கெடுதி செய்யும் இடம் அதுதான். உயரத்தில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் ஈர்ப்பு மையத்தை மேலே தூக்கி, படகு சாய்ந்தால் நிமிரும் திறனைக் குறைக்கிறது. பயணிகள் ஒரே பக்கம் எழுந்து நிற்கும் பழக்கம் உள்ள படகில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. 5 மீற்றர் நீளமும் 2.2 மீற்றர் அகலமும் உள்ள கூரை 11 சதுர மீற்றர். அதைப் பாயில் 5 மில்லிமீற்றர் தடிப்பாகக் கையால் அடித்தால் 78 கிலோ வரும். அது தொய்யாமல் இருக்க வங்குகள் வைத்தால் 100 கிலோவைத் தாண்டும். அதையே 1 மில்லிமீற்றர் தோல் இரண்டும், நடுவில் கன மீற்றருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள 15 மில்லிமீற்றர் நுரைப்பலகையுமாக வெற்றிடத்தில் செய்தால் 60 கிலோவுக்குள் அடங்கும். விறைப்போ வங்கில்லாத அந்த 5 மில்லிமீற்றர்த் தகட்டைப்போல இருபது மடங்குக்கு மேல். கல்லில் தட்டப்போவதும் இல்லை, நீரில் ஊறப்போவதும் இல்லை. அத்துடன் கூரை பெரும்பாலும் தட்டையானது. ஒரு வழுவழுப்பான மேசையின்மேலேயே செய்துவிடலாம். வெற்றிட முறையைப் பழகுவதற்கு இதைவிட வசதியான பகுதி படகில் இல்லை.

ஆகவே என் பரிந்துரை இது. படகின் அடியில் நீளமாக ஓடும் ஏராவும் அடிப்பகுதியும் நீர்மட்டத்திற்குச் சற்று மேல் வரையிலான பக்கங்களும் கையால் அடித்த தடித்த ஒற்றைப் படையாக இருக்கட்டும். பாயை மட்டும் நம்பாமல், பாய் ஒன்று, றோவிங் என்ற தடித்த நெய்த இழைத்துணி ஒன்று என மாற்றி மாற்றிப் போடுங்கள். கண்ணாடிப் பங்கு கூடும், கிழிதலைத் தாங்கும் திறனும் உயரும். கூரையையும் இருக்கைத் தளப் பலகைகளையும் வெற்றிடத்தில் செய்யுங்கள். கையால் அடிப்பதைப் பழைய முறை என்று தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. 1973இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்த வில்ற்றன் என்ற கண்ணிவாரிக் கப்பல் 46 மீற்றர் நீளமானது. உடல் முழுவதும் கண்ணாடியிழையில் கையால் படிப்படியாக அடித்தே கட்டப்பட்டது. அங்கே ஒவ்வொரு படையையும் அளந்து கண்காணித்தார்கள். நாமும் செய்யக்கூடியது அது.

அறிவியல்நகர்மாணவி எழுதியது:

ஐயா, நான் கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிறேன். கண்ணாடியிழையைத் துப்பாக்கியால் நறுக்கித் தெளிக்கும் முறையையும், இரட்டை அச்சுக்குள் றெசின் செலுத்தும் முறையையும், முன்கூட்டியே றெசின் ஊட்டிய துணியையும் எவரும் குறிப்பிடவில்லையே. அவை இங்கே பொருந்தாதவையா? கண்ணாடி 30 சதவீதமா 40 சதவீதமா என்பதைப் பட்டறையில் எவ்வாறு உறுதிசெய்வது?

அலைக்கோடு எழுதியது:

நல்ல கேள்வி, பிள்ளை. தெளிக்கும் முறையில் இழை குட்டையானது, தடிப்பு முழுவதும் தெளிப்பவரின் கையசைவைப் பொறுத்தது. பயணிகள் படகின் உடலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இரட்டை அச்சு முறை ஒரே உறுப்பைப் பெருந்தொகையாகச் செய்பவர்களுக்கு உரியது, இரண்டாவது அச்சின் செலவை ஒரு படகு தாங்காது. முன்கூட்டியே றெசின் ஊட்டிய துணியைப் பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகையளவில் உறைகுளிரில் வைத்திருந்து, பின்னர் சூளையில் வேகவைக்க வேண்டும். அது பந்தயப் படகுகளுக்குரியது.

கண்ணாடிப் பங்கை அறிவதற்கு எளிய வழி, ஒவ்வொரு படைக்கும் செல்லும் பாயையும் றெசினையும் தராசில் நிறுத்து எழுதிவைப்பதுதான். உறுதிப்படுத்த விரும்பினால் உடலில் குழாய்க்காகத் துளையிடும்போது வரும் வட்டத் துண்டை எடுத்துவைத்து, ஜெல்கோட்டைத் தேய்த்து நீக்கி நிறுத்து, மஃபிள் உலை எனும் ஆய்வக உலையில் 600 பாகைக்குச் சற்றுக் கீழான வெப்பத்தில் எரிக்க வேண்டும். றெசின் எரிந்து போய்விடும், கண்ணாடி எஞ்சும். மறுபடி நிறுத்தால் பங்கு தெரிந்துவிடும். இந்தப் படகின் துண்டுகளை உங்கள் ஆய்வகத்தில் எரித்துப் பார்க்க அனுமதி கிடைத்தால், பட்டறைக்கும் உங்கள் படிப்புக்கும் பயனாக இருக்கும்.

இழையும்பிசினும் எழுதியது:

அலைக்கோடு ஐயாவின் தடிப்புக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். நாங்கள் இங்கே செய்யும் உடல்கள் நுரை நடுவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வரையப்பட்டவை. கல்லுக்கு இழுத்துப் போடும் படகுகளும் அல்ல. ஆயினும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒற்றைப் படை அடிப்பகுதியையும் போதிய துணி அடுக்கி வெற்றிடத்தில் தடிப்பாகச் செய்ய முடியும்; அவ்வாறு செய்தது கல்லடியையும் நன்றாகத் தாங்கும். அதற்குக் கண்ணாடி இரண்டு மடங்குக்கு மேல் வாங்க வேண்டும், செலவு ஏறும் என்பதே தடை. ஒரு படகுக்கு அது தேவையில்லை என்பதில் எனக்கும் உடன்பாடு. பின்னாளில் இதே வகையில் பல படகுகள் செய்ய வேண்டி வந்தால் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.

அப்படி ஒரு நாள் வரலாம் என்பதால், இப்போது செய்யும் அச்சின் ஓர விளிம்பைக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வையுங்கள். தாளை ஒட்டுவதற்கும் குழாய் போடுவதற்கும் அந்த இடம் வேண்டும். கைவேலை அச்சுகளின் விளிம்பு பெரும்பாலும் நாலு விரல் அகலமே இருக்கும். பிறகு அகலப்படுத்த முயன்றால் இணைப்பில் காற்று ஒழுகும். அச்சையும் ஊசித்துளைகள் இல்லாமல் அடர்த்தியாக அடித்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிறிய மின்பிறப்பாக்கி ஒன்றை அருகில் வைத்திருப்பது அவசியம். ஆனால் அதைவிட அவசியமானது ஒழுகாத மூடல். றெசினைத் திறப்பதற்கு முன்னர் பம்பை நிறுத்தி, குழாயை அடைத்து, அழுத்தமானியை அரை மணி நேரம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால், றெசின் நிரம்பிய பின்னர் மின்சாரம் சிறிது நேரம் நின்றாலும் வேலை கெடாது. முள் விழுந்தால் எந்தக் காரணத்துக்காகவும் தொடங்க வேண்டாம்; ஒழுகும் இடத்தை ஓரம் ஓரமாகக் காதை வைத்துக் கேட்டே கண்டுபிடிக்கலாம்.

காரைப்பட்டறை எழுதியது:

மிக்க நன்றி. படகைக் கேட்டவர்களிடம் இந்தக் கணக்குகளைக் காட்டிப் பேசினேன். அடிப்பகுதி கையால், கூரையும் தளப் பலகைகளும் வெற்றிடத்தில் என்பதற்கு இணங்கிவிட்டார்கள்.

அடுத்த ஐயம் றெசின் பற்றியது. வெயில் ஏறிய நேரத்தில் பட்டறைக்குள் 32, 33 பாகை வந்துவிடுகிறது. கலந்த றெசின் வாளியிலேயே இறுகத் தொடங்குவதால் எங்கள் ஆட்கள் றெசினை இறுகவைக்கும் ஹாட்னரைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறார்கள். அது சரியா? வெளிப்படைக்கு வினைல் எஸ்ரர் என்ற, நீரை எதிர்க்கும் திறன் கூடிய றெசினைப் பாவிக்கச் சொல்கிறார்கள், விலை அதிகம். உண்மையில் தேவையா?

அலைக்கோடு எழுதியது:

ஹாட்னரைக் குறைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். வெப்பநிலை 10 பாகை ஏறும்போது றெசின் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் பொதுவான பொலியெஸ்ரருக்கு ஹாட்னர் 1 முதல் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1 சதவீதத்திற்குக் கீழே போனால் வேதிவினை முழுமையடையாது. றெசின் தொடுவதற்கு இறுகியதுபோல் இருக்கும், ஆனால் உள்ளே முழுதாக இறுகாமலே நின்றுவிடும். பின்னர் எத்தனை மாதம் வெயிலில் வைத்தாலும் அந்தக் குறை முழுமையாகத் தீராது. அத்தகைய படைதான் நீரை உறிஞ்சிக் கொப்புளம் கொள்ளும். சரியான வழி, வெப்ப நாடுகளுக்கென்று இறுகும் நேரத்தைக் கூட்டித் தயாரித்த றெசினை விற்பனையாளரிடம் கேட்டு வாங்குவது. சிறிய வாளிகளில் கலப்பது. அடிக்கும் வேலையை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிப்பது. கலந்த றெசினை ஆழமான வாளியில் விடாமல் அகன்ற தட்டத்தில் ஊற்றினாலே வெப்பம் தேங்காமல் நேரம் நீளும்.

மழைக்காலத்தைத் தவிர்க்க முடியுமானால் தவிருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பாயும் துணியும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈரமான கண்ணாடியோடு றெசின் ஒட்டாது. சுருள்களை நிலத்தில் போடாமல், உறையைப் பிரிக்காமல், உலர்ந்த அறையில் வையுங்கள்.

வினைல் எஸ்ரர் பற்றி: எங்கள் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. வெப்பம் கூடினால் றெசினுக்குள் நீர் ஊடுருவுவதும் விரைவாகும். நாள்தோறும் கரைக்கு ஏறும் மீன்பிடிப் படகு காய்ந்துவிடும். இந்தப் பயணிகள் படகோ நீரிலேயே நிற்கப்போகிறது. ஆகவே முழுப் படகுக்கும் அல்லாமல், ஜெல்கோட்டுக்கு அடுத்து வரும் முதல் இரண்டு பாய்ப் படைகளுக்கு மட்டும் வினைல் எஸ்ரர் பாவியுங்கள். ஜெல்கோட்டும் சீராக அரை மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். மெல்லியதாகப் போனால் பாயின் தடம் தெரியும், தடித்தால் வெடிக்கும்.

ஒரு கடுமையான எச்சரிக்கையையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். சில றெசின்கள் கோபால்ற்று முடுக்கி சேர்க்காமல் வருகின்றன. முடுக்கியையும் ஹாட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முடுக்கியை முதலில் றெசினில் நன்றாகக் கலக்கிய பின்னரே ஹாட்னரைச் சேர்க்க வேண்டும். ஹாட்னர் பரவொட்சைட்டு வகையைச் சேர்ந்தது. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகலாம். கலப்பவர் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கவே கூடாது. நோர்வேத் தம்பி சொன்ன ஆவிக்கும் துணி போதாது. காபன் வடிகட்டி உள்ள முகமூடிதான் வேண்டும். அச்சுக்குள் தேங்கும் ஆவியை வெளியே தள்ள அடியில் ஒரு விசிறியும் வேண்டும், ஏனென்றால் அது காற்றைவிடப் பாரமானது.

முனைக்கடல் எழுதியது:

எஞ்சின் பூட்டும் பின்பலகையையும் மறந்துவிடாதீர்கள் தம்பி. எங்கள் கரையில் அடி நல்லாக இருக்க, பின்பலகை உக்கிப்போன படகுகளையே அதிகம் காண்கிறோம். உள்ளே வைக்கும் ஒட்டுப்பலகை படகுக்கென்று செய்த தரத்தில் இருக்க வேண்டும். அதைச் சுற்றி முழுவதும் ஃபைபர் மூட வேண்டும். பூட்டாணிக்குத் துளையிடும்போது பெரிதாகத் துளைத்து, றெசினும் நறுக்கிய இழையும் கலந்து அடைத்து, அது இறுகிய பின்னர் அதன் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தால், பூட்டாணி பலகையைத் தொடாது, நீரும் பலகைக்குப் போகாது.

ஏராவின் அடியில் தேய்வதற்கென்று ஒரு தனிப் பட்டியையும் வையுங்கள். தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். வங்குகளை அச்சிலிருந்து படகை எடுக்கும் முன்னரே, உடல் முழுதாக இறுகுவதற்குள் ஒட்டிவிட்டால் ஒட்டும் நல்லாக இருக்கும், வடிவமும் குலையாது.

காரைப்பட்டறை எழுதியது:

ஐயா, இரண்டையும் அப்படியே செய்கிறோம். கூரையில் ஆட்கள் ஏறி நின்று பொதிகளைக் கட்டுவார்கள். 1 மில்லிமீற்றர்த் தோல் அதைத் தாங்குமா? 11 சதுர மீற்றர் கூரைக்குக் குழாயை எங்கே போடுவது, எவ்வளவு றெசின் கலப்பது என்பதையும் நோர்வேத் தம்பி சொன்னால், மேசையைத் தயார்செய்யத் தொடங்கிவிடுவோம்.

இழையும்பிசினும் எழுதியது:

அண்ணா, ஆட்கள் நிற்கும் நடைப்பட்டிக்கு மட்டும் மேல்தோலில் இன்னொரு துணி சேர்த்து, நுரையையும் அடர்த்தி கூடியதாக வையுங்கள். கைப்பிடியும் பந்தல் கால்களும் பூட்டும் இடங்களில் நுரையை வெட்டி எடுத்துவிட்டுத் திண்மமான ஃபைபர்க் கட்டை வைக்க வேண்டும். நுரையின்மேல் பூட்டாணியை முறுக்கினால் நசிந்துவிடும். பொதிகளின் எடைக்கு ஓர் எல்லையைக் கூரையிலேயே எழுதிவிடுங்கள், அலைக்கோடு ஐயா மிச்சப்படுத்தித் தந்த எடையைப் பொதிகள் திருப்பி ஏற்றிவிடக் கூடாது.

றெசின் குழாயைக் கூரையின் நடுவில் நீளவாக்கில் போட்டு, வெற்றிடக் குழாயை இரண்டு நீள ஓரங்களிலும் வையுங்கள். அப்போது றெசின் ஒவ்வொரு பக்கமும் 1.1 மீற்றர்தான் ஓட வேண்டும். ஓட எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஆகவே இதே துணி, நுரை, றெசினை வைத்து ஒரு சிறு பலகையை முதலில் செய்து, 55 சென்ரிமீற்றர் ஓட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். 5 நிமிடம் எடுத்தால் கூரைக்கு 20 நிமிடம். றெசின் இறுகத் தொடங்கும் நேரம் அதைப்போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கையால் அடிக்கும் றெசின் இதற்கு ஆகாது; அது வழியாமல் இருப்பதற்காகத் தடிப்பாக்கப்பட்டது. உட்செலுத்தலுக்குரிய மெல்லிய றெசினைக் கேட்டு வாங்குங்கள்.

அளவு என்று பார்த்தால், தோல்களுக்குச் சதுர மீற்றருக்கு 1.4 கிலோ, நுரையின் துளைகளும் வெட்டுகளும் குடிப்பது அரைக் கிலோவுக்குச் சற்று மேல், வலையிலும் குழாயிலும் தங்குவது இன்னொரு அரைக் கிலோ. நடைப்பட்டியையும் சேர்த்து 30 கிலோ ஆயத்தமாக இருக்கட்டும். அதை ஒன்றாகக் கலக்க வேண்டாம், வாளியிலேயே கொதித்துவிடும். 5 கிலோவாகக் கலந்து, முதல் வாளி தீருமுன் இரண்டாவதை அதற்குள் ஊற்றிக்கொண்டே வாருங்கள். குழாயின் வாய் எந்தக் கணத்திலும் றெசினுக்கு வெளியே வரக் கூடாது. ஒரு மிடறு காற்று உள்ளே போனாலும் கூரையின் நடுவில் உலர்ந்த கோடு விழும். அந்த வாளியைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள், அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம்.